சர்வர் கண்காணிப்பு: ஞாயிறு காலை 10 மணிக்கு வாருங்கள்

முன்னாள் மாணவர் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாளில் நமது இணையதளம் இயங்கும் கிளவுட் சர்வர் முடங்கியது. மேலூர், உசிலம்பட்டிப் பிள்ளைகள் நள்ளிரவு வரை முயன்றிருக்கிறார்கள். லாக் கோப்புகளை (சர்வர் தன் செயல்களைத் தானே எழுதிவைக்கும் பதிவுகளை) நாம் அழிக்காததால் டிஸ்க் நிரம்பிவிட்டது. மறுநாள் ஒரு மாணவியின் தந்தை தொலைபேசியில் சொன்ன பிறகுதான் நமக்கே தெரிந்தது. எனக்கு மனம் ஆறவில்லை.

அமேசானின் கிளவுட்வாட்ச் என்ற கண்காணிப்புச் சேவை எல்லாவற்றையும் தானாகக் கவனிக்கும் என்று நினைத்திருந்தோம். அடிப்படை அமைப்பில் அது சிபியு, நெட்வொர்க் அளவுகளை 5 நிமிடத்துக்கு ஒருமுறை தரும். மெமரியும் டிஸ்கில் மீதமுள்ள இடமும் தெரிய அதன் ஏஜென்ட் என்ற சிறு மென்பொருளைச் சர்வரில் தனியாக நிறுவ வேண்டும்.

வரும் ஞாயிறு (15ஆம் தேதி) காலை 10 மணிக்குத் தல்லாகுளத்தில் செயலாளர் வீட்டு மாடியில் கூடுகிறோம்.

1. லேப்டாப், சார்ஜர் அவசியம்.
2. சர்வர் சாவி (உள்ளே நுழைவதற்கான ரகசியக் கோப்பு) வைத்திருக்கும் மூவரும் கட்டாயம் வர வேண்டும். சாவியைக் குழுவில் அனுப்பாதீர்கள்.
3. டிஸ்க் 80 சதவீதம் நிரம்பினால் ஒரு எச்சரிக்கை, தளம் 2 நிமிடம் திறக்காவிட்டால் ஒன்று. இப்போதைக்கு இவை போதும். ஓயாமல் மணி அடித்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம்.
4. தளம் திறக்கிறதா என்று வெளியிலிருந்தே சோதிக்க வேண்டும். விழுந்த சர்வரால் தான் விழுந்ததைச் சொல்ல இயலாது.
5. அமெரிக்காவில் இருப்பவர்கள் நம் இரவு நேரக் கண்காணிப்புப் பொறுப்பை ஏற்க முடியுமா? உங்களுக்கு அது பகல்.

வெள்ளி இரவு 8 மணிக்குள் ‘வருகிறேன்’ அல்லது ‘இயலாது’ என்று பதில் எழுதுங்கள்.