ஆலயப் பராமரிப்புச் சங்கத்தின் ஆண்டறிக்கை: பீடமும் பீடமுற்றமும்

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே,

சென்ற பொதுக்கூட்டத் தீர்மானத்தின்படி எமது சங்கம் இவ்வாண்டு ஆலயத்தில் பீடத்தைச் சூழ்ந்த பகுதியான பீடமுற்றத்திலேயே கூடிய கவனம் செலுத்தியது. கூரையிலும் சுற்றுமதிலிலும் வழமையான பராமரிப்பு மட்டுமே நடைபெற்றது.

மாரி மழைக்குப் பின் பழைய பீடத்தின் பின்சுவரில் உப்புப் பூத்துப் பூச்சு உதிரத் தொடங்கியது. சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்ட அச்சுவருக்கு முன்னொரு திருத்தத்தின்போது சீமெந்தும் எனாமல் பெயின்ற்றும் பூசப்பட்டிருந்ததால், நிலத்திலிருந்து ஏறிய ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கியதே இதற்குக் காரணமாகும். அவற்றைச் சுரண்டி அகற்றி, சுவரை நன்கு உலரவிட்ட பின்னரே மீண்டும் சுண்ணாம்புச் சாந்து பூசப்பட்டது. வேலை இழுபடுவதாகச் சிலர் குறைப்பட்டனர். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு மேசன்மார் போய்விட்டது உண்மையே. எனினும் நாம் காத்திருந்தது பெரும்பாலும் சுவருக்காகவே.

பீடத்தின் மேல்விரிப்பை நீக்கியபோது, மெழுகு படிந்து கறுத்திருந்த பீடக்கல்லை மரச்சீவலால் மெல்லச் சுரண்டித் துப்புரவாக்கினோம். கிறிஸ்துவின் ஐந்து காயங்களைக் குறிக்கும் ஐந்து சிலுவைகளும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. புனிதப் பண்டம் (புனிதரின் திருமேனி எச்சம்) வைக்கப்பட்ட குழியின் மூடி தொடப்படவில்லை.

வெளிநாட்டில் வாழும் உபயகாரர் ஒருவர், பழைய பீடத்தை இடித்துவிட்டு மாபிளில் புதியது அமைத்துத்தர முன்வந்தார். அவருடைய நல்மனதுக்கு நன்றி கூறிய நிர்வாக சபை, அதனை ஏற்கவில்லை. கத்தோலிக்க ஆயர்களின் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் நடைபெற்ற காலத்தில், 1964 இல் வெளியான திருவழிபாட்டு அறிவுறுத்தல், பீடம் சுவரிலிருந்து விலகியிருப்பது நன்று என்றதே தவிர, பழையவற்றை இடிக்கச் சொல்லவில்லை. கலைமதிப்புள்ள பழைய பீடத்தைச் சேதமின்றி நகர்த்த முடியாதவிடத்து வேறொரு நிலையான பீடம் அமைத்து, அதில் மட்டுமே திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் என்பதே திருப்பலி நூலின் பொதுப் போதனையாகும். திருப்பலி நடைபெறாத பழைய பீடத்தில், நற்கருணை அப்பம் வைக்கப்படும் நற்கருணைப் பேழையை வைத்திருப்பதற்கும் தடையில்லை. ஆகவே பேழை இருந்த இடத்திலேயே இருக்கும்.

அதே போதனை பழைய பீடத்துக்குத் தனி அலங்காரம் கூடாது என்றும் கூறுவதால், பூச்சாடிகளை அங்கே நிரப்பும் அன்பர்கள் இதனைக் கவனிக்குமாறு வேண்டுகிறேன். தவக்காலத்தில், நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் தவிர, திருப்பலிப் பீடத்துக்கும் பூ அலங்காரம் இல்லை.

பீடத்தின் அடிப்பலகையில் கறையான் தின்ற பகுதிக்கு முதிரைப் பலகை பொருத்தப்பட்டுள்ளது. ஆட்டம் கண்டுள்ள மேல் படிக்கட்டு அடுத்த ஆண்டு திருத்தப்படும். வரவு செலவு விபரங்களைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

செயலாளர்