இறாலும் நானும் பிரிந்த கதை

அன்புள்ள பல் டாக்டருக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். போன கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை என்று மொட்டையிடம் புலம்பினாயாம். நன்றாகப் புலம்பு. இப்போதும் பாசம் பொங்கியெல்லாம் எழுதவில்லை. ஒரு செய்தி இருக்கிறது, அது மொட்டையின் காதுக்குப் போய்க் கை கால் முளைத்து உன்னிடம் வருவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும். எனக்கு இறால் ஒத்துக்கொள்ளவில்லையடா. எனக்கு! சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

கடலுணவுத் திருவிழா ஒன்றுக்குப் போயிருந்தோம். சின்னவனுக்கு ராட்டினம்தான் குறி. எனக்கு எது குறி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசலிலேயே மணிக்கட்டில் ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி ஒட்டிவிட்டார்கள், அது இருந்தால் எந்த ராட்டினத்திலும் ஏறலாம். ஒரு வரிசை முழுக்கச் சமையல். பனிக்கட்டிமேல் பரப்பிய சிப்பி, ஆவியில் வாய் பிளந்த மட்டி, கம்பியில் கோத்த கணவாய், ஒரு ஆளே உட்காரக்கூடிய அண்டாவில் நண்டு. எதிர் வரிசையில் பாப்கார்ன், உருளைக்கிழங்கு வறுவல், பஞ்சு மிட்டாய். அந்தப் பஞ்சு மிட்டாய் இயந்திரத்தை 1897-இல் கண்டுபிடித்த இருவரில் ஒருவர், வில்லியம் மாரிசன், பல் டாக்டர் தெரியுமா? 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் 68,655 பெட்டி விற்றார்களாம். உங்கள் ஆட்கள் தொழிலுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்கிறவர்கள்.

இறால் கடையில்தான் நான் நின்றுவிட்டேன். சூடான கல்லில் வெண்ணெய் போட்டு, அது நுரைத்து அடங்குகிற நேரம் பார்த்து இறாலைக் கொட்டினார் அந்த மனிதர். சாம்பல் நிறமாக விழுந்தது, ஓரத்திலிருந்து சிவந்துகொண்டே உள்ளே வந்தது. வால் சுருண்டதும் ஒரே வீச்சில் திருப்பிப் போட்டார். அதற்குமேல் ஒரு விநாடி விட்டாலும் ரப்பர்தான் என்றார். உண்மையான கைக்காரர். நான் ஒரு தட்டோடு நிறுத்தவில்லை. அதை நீயே ஊகித்திருப்பாய்.

அப்புறம் சின்னவன் இழுத்த இழுப்புக்கு ராட்சத ராட்டினம். உலகத்தின் முதல் ராட்சத ராட்டினத்தை 1893-இல் சிகாகோ கண்காட்சிக்காக ஃபெரிஸ் என்கிற பொறியாளர் கட்டினார், 264 அடி உயரம், 36 பெட்டி, பெட்டிக்கு 60 பேர் என்று மேலே போகும்போது அவனுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். கேட்டால்தானே. அடுத்து கொலம்பஸ் என்கிற கப்பல் ஊஞ்சல். அந்தக் கப்பல் உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்குமே, அங்கேதான் உதட்டில் ஏதோ குறுகுறுத்தது. இறங்கும்போது உள்ளங்கை அரித்தது, வயிறு பிரட்டியது.

கூட வந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் ராட்டினத்தைத் திட்டினார்கள். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று அக்கா. சாப்பிட்டவுடன் ஏறக்கூடாது என்று மாமா. எலுமிச்சம்பழம் முகரக் கொடுத்தார்கள், சோடா கொடுத்தார்கள். இதற்கிடையில் மணிக்கட்டுப் பட்டை இறுகிக்கொண்டே வந்தது. கை வீங்குகிறது என்று அப்போதுதான் புரிந்தது. பட்டையின் இரண்டு பக்கமும் தடிப்புத் தடிப்பாகச் சிவந்து எழும்பியிருந்தது.

முதலுதவிக் கூடாரத்தில் இருந்த நர்ஸம்மா அதைப் பார்த்ததும் கத்தரிக்கோலால் பட்டையை வெட்டி எறிந்துவிட்டு, "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். நான் ராட்டினம் என்று ஆரம்பித்தேன். "ராட்டினம் தலைசுற்றல் கொடுக்கும், வாந்தி கொடுக்கும். தடிப்பு கொடுக்காது. என்ன சாப்பிட்டீங்க?" எனக்குப் பதில் சொல்லக் குரல் எழும்பவில்லை. கரகரத்தது. மறுநிமிடம் பேன்டோடு சேர்த்துத் தொடையில் ஊசி இறங்கியது. அட்ரினலின். நீ பல் பிடுங்குவதற்கு முன் போடும் மரப்பு ஊசியில் துளி கலந்திருக்குமே, அதே சரக்குதான். எழுந்து உட்காரப் பார்த்தேன், அதட்டிப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வைத்தார்.

கிண்டலை இங்கே நிறுத்துகிறேன். தொண்டைக்குள் ஏதோ அடைக்கிற மாதிரி இருந்த அந்தச் சில நிமிடங்களில் நான் பயந்துவிட்டேன். சின்னவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கையில் பஞ்சு மிட்டாய், அதைத் தின்னவும் இல்லை, கீழே போடவும் இல்லை. அவனை யாராவது அப்பால் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்ல நினைத்தேன், முடியவில்லை.

ஊசி போட்டதும் மூச்சு சீரானது. ஆனாலும் ஆஸ்பத்திரியில் பல மணி நேரம் படுக்க வைத்துவிட்டார்கள். அடங்கின மாதிரி இருந்துவிட்டு இரண்டாம் தடவை கிளம்புவது உண்டாம். உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்லித்தான் தீருவேன், இத்தனை வருஷமாக எனக்கு ஈறு பாடம் நடத்தியவன் நீ. இறால், நண்டு தசையில் டிரோபோமயோசின் என்று ஒரு புரதம். என் உடம்பு அதைத்தான் எதிரியாக முடிவு செய்திருக்கிறது. இறாலைச் சிவக்க வைக்கிற அஸ்டாக்சாந்தின் ஏற்கெனவே ஓட்டுக்குள் இருப்பதுதான், அதைப் பிடித்து வைத்திருக்கும் புரதம் சூட்டில் கலைந்ததும் வெளியே தெரிகிறது. அந்தச் சூட்டுக்கு இந்த டிரோபோமயோசின் மட்டும் அசையவில்லை. எவ்வளவு வேகவைத்தாலும் அப்படியே நிற்கிறது. அநியாயமாக இல்லை?

இத்தனை நாள் தின்றேனே, இப்போது என்ன என்று டாக்டரிடம் சண்டைக்கே போனேன். பெரியவர்களான பிறகு திடீரென்று தொடங்குவது இந்த வகை ஒவ்வாமையில் சகஜம், வந்தால் பெரும்பாலும் போவதும் இல்லை என்றார். இரத்தப் பரிசோதனையும் அதையேதான் சொன்னது. நண்டு, சிங்கி இறால் எல்லாம் பட்டியலிலிருந்து அடிபட்டன. கணவாய், மட்டி, சிப்பி வேறு இனம், ஆனாலும் சொந்தக்காரப் புரதம் என்பதால் தனியாகச் சோதித்துப் பார்க்கும்வரை தொடக்கூடாது. தூசிப் பூச்சியிடமும் கரப்பானிடமும்கூட இதே மாதிரிப் புரதம் உண்டாம். தலையணை உறையைக்கூடச் சந்தேகமாகப் பார்க்கிறேன். ஒரே ஆறுதல் மீன். மீனின் புரதம் வேறு, எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை.

ஆனால் எங்கே போனாலும் எண்ணெய்தான் பிரச்சினை. இறால் பொரித்த எண்ணெயில் உருளைக்கிழங்கைப் பொரித்தாலும் எனக்கு ஆபத்து. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "ஒரு துண்டுதானே, சும்மா ருசி பாருங்க" என்கிறார்கள். ஒரு வீட்டில் குழம்பிலிருந்து இறாலைப் பொறுக்கி எடுத்துவிட்டு எனக்குப் பரிமாறினார்கள், பாசமாக. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நான் என்னவோ பத்தியம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்த மாதம் உன் வீட்டு விருந்துக்குக் கண்டிப்பாக வருகிறேன். மீன் பொரிக்க வேறு சட்டி, வேறு எண்ணெய், வேறு கரண்டி என்று தங்கச்சியிடம் இப்போதே சொல்லி வை. நண்டு வைத்தால் எல்லோரும் சாப்பிடட்டும், நான் தள்ளி உட்கார்ந்து உங்களைத் திட்டிக்கொண்டிருப்பேன். ஊசி என் சட்டைப் பையில்தான் இருக்கும். எப்படிப் போடுவது என்று வந்ததும் காட்டுகிறேன், நீ பற்களோடு நின்றுவிடாமல் தொடையையும் கொஞ்சம் கற்றுக்கொள்.

மொட்டைக்கு நான் எழுதவில்லை. நீயும் சொல்லாதே. விருந்தன்று என் பங்கு இறால் முழுவதையும் அவன் தட்டில் தள்ளும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பழைய கடன்காரன்