மீன்தொட்டியைக் கழுவிக் காயவைக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் மீன் வளர்ப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த குறிப்பில், மாதம் ஒருமுறை தொட்டியை முழுவதும் காலி செய்து, கல், ஃபில்டர் எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்துப் புதுத் தண்ணீர் நிரப்பச் சொல்லியிருந்தது. அதை மறுத்து எழுதிய வாசகர் ஒருவர், தண்ணீரை மாற்றவே கூடாது, வற்றுகிற அளவுக்கு ஊற்றினால் போதும் என்கிறார். இன்னொருவர் எல்லாவற்றுக்கும் உப்பே மருந்து என்கிறார். மூவரும் தங்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த மூன்று யோசனைகளில் எதை அப்படியே பின்பற்றினாலும் என்றாவது ஒருநாள் காலையில் மீன் செத்து மிதக்கும்.

மீன் தன் கழிவில் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் விடுகிறது. தின்னாமல் அடியில் தங்கும் தீனியும் அழுகி அம்மோனியாவாகும். தொட்டியில் குடியேறும் ஒருவகை பாக்டீரியா இதை நைட்ரைட்டாக மாற்றும். வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் கடும் நஞ்சு. நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, லிட்டருக்கு 20 முதல் 40 மில்லிகிராம் வரை பெரும்பாலான மீன்கள் தாங்கும். இந்த பாக்டீரியா தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பது மிகக் குறைவு. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும், கல்லிலும், செடியின் இலையிலும் வழவழவென்று ஒட்டியிருக்கிற படலத்தில்தான் அது வாழ்கிறது. நாம் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்து எடுப்பது அதைத்தான்.

ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பிழிந்தால் அதிலுள்ள குளோரின் இந்த பாக்டீரியாவைக் கொல்லும். வெயிலில் காயவைத்தால் மிச்சமிருப்பதும் செத்துப்போகும். அதன்பிறகு தொட்டி பளிச்சென்று இருக்கும், மீனும் ஓரிரு நாள் நன்றாகவே நீந்தும். மூன்றாம் நாள் தீனி எடுக்காது, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஒரு வாரத்துக்குள் ஒவ்வொன்றாகப் போய்விடும். புதுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சொல்வார்கள். தண்ணீர்மேல் பழியில்லை. அதைச் சுத்திகரிக்க அங்கே யாரும் இல்லை, அவ்வளவுதான்.

புதுத் தொட்டியில் நடப்பதும் இதேதான். இந்த பாக்டீரியா போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். மீன் விடுவதற்கு முன்பே ஃபில்டரை ஓடவிட்டு, அம்மோனியம் குளோரைடு போட்டு அதை வளர்க்கலாம். 50 லிட்டர் தண்ணீருக்கு 0.3 கிராம் போட்டால் லிட்டருக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் அம்மோனியா கிடைக்கும். அப்படிப் போட்ட அம்மோனியாவும் அதிலிருந்து உண்டான நைட்ரைட்டும் 24 மணி நேரத்தில் பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் தொட்டி தயார். நோயில்லாத பழைய தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்சை ஈரம் காயாமல் எடுத்துவந்து புது ஃபில்டரில் வைத்தால் காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும். அவசரமாக இரண்டு நாள் தண்ணீரைத் தேக்கிவைத்து மீனை விடுவதால்தான் புதிதாக வளர்ப்பவர்கள் முதல் மாதத்திலேயே மனம் விட்டுப்போகிறார்கள். அதிலும் குழந்தைகள், தாங்கள் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமலே அழுகிறார்கள்.

இனி, தண்ணீரை மாற்றவே கூடாது என்பவரின் வாதம். பல மாதம் நன்றாக இருந்த தொட்டியில் ஒருநாள் பாதித் தண்ணீரை மாற்றினேன், மறுநாளே எல்லாம் செத்துவிட்டன என்று இவர்கள் சொல்வது பொய்யில்லை. மீன் வளர்ப்பவர்களிடையே இவ்வளவு காலமாகத் தீராத சண்டை இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது தண்ணீரில் உள்ள காரத்தன்மையைச் செலவழிக்கிறது. அம்மோனியாவிலுள்ள நைட்ரஜன் ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் 7 மில்லிகிராம் அளவுக்கு. தண்ணீர் மாற்றாத தொட்டியில் இந்தச் சேமிப்பு கரைந்துகொண்டே போகும். தீர்ந்ததும், தண்ணீரின் அமில-கார நிலையைக் காட்டும் பி.ஹெச். அளவு சரசரவென்று 6-க்கும் கீழே இறங்கும். அந்த அளவில் பாக்டீரியாவின் வேலை ஏறக்குறைய நின்றுபோகும், அம்மோனியா சேரத் தொடங்கும். ஆனாலும் மீன் சாவதில்லை. காரணம், தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவத்தில் இருக்கிறது. ஒன்று அம்மோனியம், அது அவ்வளவாகத் தீங்கு செய்யாது. மற்றது செவுளுக்குள் புகுந்துவிடும் தனி அம்மோனியா, அதுதான் கொல்வது. எது எவ்வளவு என்பதைப் பி.ஹெச். தீர்மானிக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் பி.ஹெச். 6 என்றால் நச்சு வடிவம் மொத்தத்தில் 0.06 சதவீதம்கூட இல்லை. பி.ஹெச். 7 என்றால் 0.6 சதவீதம். 8 என்றால் 5 சதவீதத்துக்கு மேல்.

இப்போது அந்தத் தொட்டியில் பாதியை எடுத்துவிட்டு நல்ல குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறோம். மொத்த அம்மோனியா பாதியாகக் குறைகிறது. ஆனால் பி.ஹெச். 6-லிருந்து 7.5-க்கு ஏறினால், இருப்பதில் நச்சாக மாறும் பங்கு 30 மடங்கு கூடுகிறது. பாதியாகக் குறைத்து முப்பது மடங்கு பெருக்கினால் கணக்கு எங்கே போய் நிற்கும்? மீன் செத்தது தண்ணீரை மாற்றியதால் என்பது சரி. ஆறு மாதம் மாற்றாமல் விட்டதால்தான் அந்த மாற்றம் அதைக் கொன்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட பழைய தொட்டியை வைத்திருப்பவர்கள், தினமும் 10 சதவீதம் மட்டும் என்று இரண்டு வாரம் மாற்றி வரட்டும். அந்த நாட்களில் தீனியை மிகவும் குறைக்க வேண்டும். பி.ஹெச். மெல்ல ஏற ஏற பாக்டீரியாவும் எழுந்துகொள்ளும். அதன்பிறகு வாரம் 25 சதவீதம் மாற்றுவதை விடாமல் கடைப்பிடித்தால் இந்த நிலையே வராது.

புது மீனைப் பையோடு கொண்டுவந்தவுடன் என்ன செய்வது என்ற சண்டையும் இதே கணக்கில் அடங்கும். சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைப் பையில் விட்டு ஒரு மணி நேரம் பழக்க வேண்டும் என்று ஒரு கட்சி, உடனே எடுத்து விட வேண்டும் என்று இன்னொரு கட்சி. கட்டிய பைக்குள் மீன் விடுகிற கரியமில வாயு வெளியேற வழியின்றித் தண்ணீரில் கரைந்து பி.ஹெச்.சைத் தாழ்த்துகிறது. அதனால் பையில் சேர்ந்த அம்மோனியா மீனை ஒன்றும் செய்வதில்லை. பையை அவிழ்த்ததும் வாயு வெளியேறும், பி.ஹெச். ஏறும், அதே அம்மோனியா நஞ்சாகும். ஆகவே அரை மணி, ஒரு மணி நேரப் பயணம் என்றால் சொட்டு முறையால் கெடுதல் இல்லை. பல மணி நேரம் பையில் இருந்த மீன் என்றால், பையை அவிழ்க்காமலே 15 முதல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, அவிழ்த்தவுடன் வலையில் எடுத்து உள்ளே விடுவதே நல்லது. எப்படியானாலும் பைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டக் கூடாது. முடிந்தால் புது மீனை இரண்டு முதல் நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்ப்பது, பின்னால் வாங்கும் எல்லா மருந்தையும்விட மேல்.

குளோரின் விஷயம் சுருக்கமானது. குழாய்த் தண்ணீரில் வெறும் குளோரின் என்றால் அகன்ற பாத்திரத்தில் ஏர் பம்ப் போட்டு ஒருநாள் வைத்தால் போய்விடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் கலந்த தண்ணீரில் அப்படிப் போகாது, அதற்கு மருந்து வேண்டும். குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் படிகம் 10 கிராமைத் தண்ணீரில் கரைத்து 100 மில்லி ஆக்கி வைத்துக்கொண்டால், அதில் 1 மில்லி 10 லிட்டர் வாளியில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரையுள்ள குளோரினை முறித்துவிடும். 2 மில்லிகிராம் என்றால் 2 மில்லி. குளோரமைனை முறிக்கும்போது அதிலுள்ள அம்மோனியா தண்ணீரிலேயே தங்கும் என்பதால், அங்கே அம்மோனியாவையும் கட்டும் மருந்தே பொருத்தம். வாளியிலேயே கலந்து, தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவந்து பிறகு ஊற்றுங்கள்.

உப்பைப் பொறுத்தவரை, அது மருந்து. தினசரித் தேவை அல்ல. நைட்ரைட் ஏறிய தொட்டியில் உப்பு உண்மையாகவே உயிர் காக்கும். நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்தில் புகுந்து, பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் ரத்தத்தைப் பழுப்பாக்குகிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்த வாசலில் போட்டியிட்டு அதை உள்ளே விடாமல் தடுக்கிறது. இதற்கு 10 லிட்டருக்கு 1 கிராம் போதும், கைப்பிடி கைப்பிடியாகப் போட வேண்டியதில்லை. அம்மோனியாவுக்கு உப்பால் இப்படி ஒரு பயனும் இல்லை.

வெள்ளைப் புள்ளி நோய்க்கு லிட்டருக்கு 2 கிராம் வரை போடுவதுண்டு, அதையும் ஒரே நாளில் கொட்டாமல் இரண்டு மூன்று தவணையாகப் போட வேண்டும். செடி உள்ள தொட்டியில் போட்டால் செடி கருகும். இந்த நோயில் மீனின் தோலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை உப்போ மருந்தோ தொடாது. அது கீழே விழுந்து, பிளந்து, குஞ்சுகளாகத் தண்ணீரில் நீந்தும்போதுதான் சாகும். எனவே புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துகிறவர்கள் அடுத்த வாரமே இரட்டிப்பாகப் புள்ளியைப் பார்க்கிறார்கள். 10 முதல் 14 நாள் தொடர வேண்டும். வெப்பத்தை நாளுக்கு ஓரிரு டிகிரி வீதம் 30 வரை ஏற்றினால் ஒட்டுண்ணியின் சுழற்சி வேகமாகும், மருந்துக்கு அகப்படும். ஆனால் சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு. 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் கரையும், 30-ல் 7.5 தான். அதனால் ஏர் பம்ப் கட்டாயம். தங்கமீன் போன்ற குளிர்நீர் மீனுக்கு இந்தச் சூடு ஆகாது.

உப்பைப் பற்றி இன்னொன்று. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. 50 லிட்டர் தொட்டியில் வாரம் 5 லிட்டர் வற்றி, ஒவ்வொரு முறையும் தண்ணீரோடு 5 கிராம் உப்பையும் சேர்த்தால் 10 வாரத்தில் லிட்டருக்கு 1 கிராம் கூடியிருக்கும். யாரும் கணக்கு வைப்பதில்லை.

கண்ணாடிக் கிண்ணத்தில் ஃபைட்டர் மீன் வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில். அது மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் என்பது உண்மை, அதற்காக அம்மோனியா அதை விட்டுவிடாது. ஹீட்டரும் மெல்லிய ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வைக்க 20 லிட்டராவது வேண்டும். தங்கமீனுக்குக் கிண்ணத்தை நினைத்தே பார்க்கக் கூடாது, நன்றாக வளர்த்தால் அது ஒரு சாண் நீளத்தையும் தாண்டும், பத்தாண்டுக்கு மேல் வாழும். ஒரு அங்குல மீனுக்கு ஒரு கேலன் என்ற பழைய கணக்கும் இங்கேதான் பொய்த்துப்போகிறது. பத்து அங்குல மீன் ஒன்று, ஓர் அங்குல மீன் பத்துக்குச் சமமில்லை. நீளம் பத்து மடங்கானால் எடை ஆயிரம் மடங்கை நெருங்கும், கழிவும் அதற்கேற்பப் பல மடங்கு பெருகும்.

மீன் செத்துக் கிடப்பதைப் பார்த்தவுடன் எல்லாரும் செய்வது தண்ணீரைக் கொட்டுவது. அதோடு காரணமும் போய்விடுகிறது. செத்த மீனை எடுத்ததும் முதலில் ஒரு சுத்தமான பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். துளி மருந்து டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட், பி.ஹெச். மூன்றையும் பாருங்கள், வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மீனின் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். செவுள் பழுப்பேறி இருந்தால் நைட்ரைட்டைச் சந்தேகியுங்கள். பெரிய மீன்கள் முதலில் போய்ச் சின்னவை பிழைத்திருந்தால், அதுவும் விடியற்காலையில் என்றால், பிராணவாயுக் குறைவு. செடி அடர்ந்த தொட்டியில் இரவில் செடியும் அதே பிராணவாயுவைத்தான் எடுக்கிறது. எல்லாமே சில மணி நேரத்தில் போனால் நோயாக இருக்க வாய்ப்பு குறைவு, நஞ்சைத் தேடுங்கள். அறையில் பூச்சிமருந்து அடித்தீர்களா என்று கேளுங்கள், ஏர் பம்ப் அந்தக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் ஊதியிருக்கும். நாலைந்து நாளுக்கு ஒன்றாகப் போனால் அப்போது நோயைப் பற்றிப் பேசலாம். மெத்திலீன் புளூ என்ற நீல மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றிவிடாதீர்கள், அது அந்த பாக்டீரியாவையும் கெடுத்துவிடும். மருந்துக் குளியல் தனிப் பாத்திரத்தில்.

ஆசிரியர் அவர்களே, தங்கள் குறிப்பை வெட்டி வைத்துக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமையே தொட்டியைக் குழாயடிக்குத் தூக்கிச் செல்பவர்கள் இருப்பார்கள். தயவுசெய்து அந்த ஒரு வரியை மட்டுமாவது அதே பக்கத்தில் திருத்தி வெளியிடுங்கள்: வாரம் கால்பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றவும், ஃபில்டர் ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு மூன்று முறை பிழிந்து, ஈரத்தோடு திரும்ப வைக்கவும்.

இப்படிக்கு,
மீன் வளர்ப்பில் அக்கறையுள்ள வாசகர்