விதிநூலிலிருந்து கழிக்கவும் துணியுங்கள்: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வடிவமைப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வடிவமைப்புக் குழுவினருக்கு வணக்கம்.

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளைப் பல காலமாக நடத்தி வருபவன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் உங்கள் விளையாட்டின் மைய விதிநூல்கள் எந்தக் கற்பனை உலகத்துக்கும் பொதுவானவை என்ற எண்ணத்தைக் கைவிட்டு, அவை எத்தகைய உலகத்தை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன என்பதை அந்நூல்களிலேயே அச்சிடுங்கள் என்பது என் முதல் கோரிக்கை. தனியொரு உலகத்துக்கென நூல் எழுதும்போது, புதியவற்றைச் சேர்ப்பதோடு நிற்காமல், அவ்வுலகத்துக்கு ஒவ்வாத விதிகளை நீக்கவும் துணியுங்கள் என்பது இரண்டாவது.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974-இல் வெளியிட்ட முதல் பதிப்பிலிருந்தே இந்த விளையாட்டு குறிப்பிட்ட சில மேசைகளின் வாசனையைச் சுமந்து வருகிறது. பிக்பி, மார்டன்கைனென், டென்சர் என்று மந்திரங்களுக்கு முன்னால் நிற்கும் பெயர்கள் எல்லாம் கைகாக்ஸின் கிரேஹாக் உலகத்தில் உலவிய பாத்திரங்களுக்கு உரியவை. 2023 ஜனவரியில் எவரும் எடுத்துப் பயன்படுத்த இடம்தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் நீங்கள் திறந்துவிட்ட விதித்தொகுப்பில் அப்பெயர்கள் இல்லை. டென்சரின் மிதக்கும் தட்டு அங்கே வெறும் மிதக்கும் தட்டாகிவிட்டது. ஆனால் பெயர் போனாலும் உலகம் போகவில்லை. கேட்டால் செவிசாய்க்கும் தெய்வங்களும், ஓய்வெடுத்து எழுந்தால் திரும்பிவிடும் மந்திர வலிமையும், இறந்தவரை மீட்டெடுக்கும் வழியும் அந்தத் தொகுப்பில் அப்படியேதான் இருக்கின்றன.

இதன் விளைவை மேசையில் காண நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஐந்து பேர் கொண்ட குழு ஒரு பெரும்பாலையைக் கடக்க வேண்டிய கதையை எண்ணிப் பாருங்கள். ஆட்டத்தை நடத்துபவர் நீர்ச்சுனைகளுக்கு இடையிலான தொலைவைக் கணக்கிட்டு, தோல்பைகளின் கொள்ளளவைக் குறித்து, எந்தச் சுனையை எந்தக் குலம் காவல் காக்கிறது என்பதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். குழுவில் முதல் லெவல் (தொடக்கப்படி) டுரூயிட், அதாவது இயற்கை மந்திரவாதி ஒருவர் இருந்தால் போதும்: குட்பெர்ரி என்னும் முதல்நிலை மந்திரம் பத்துக் கனிகளைத் தரும், ஒவ்வொரு கனியும் ஒருவருக்கு ஒரு நாள் உணவு. கூடவே கிளெரிக், அதாவது தெய்வ அருளால் மந்திரம் செய்யும் பூசாரி ஒருவர் இருந்தால், அதே முதல்நிலையிலுள்ள நீர் படைக்கும் மந்திரம் பத்து கேலன், அதாவது ஏறத்தாழ 38 லிட்டர் நீரைக் கொட்டிவிடும். பாலை அப்போதே பாலையாக இல்லாமல் போகிறது. சுனைக்காகக் குலங்கள் வாள் உருவுவதற்கும் காரணம் இல்லாமல் போகிறது.

நடத்துபவர் அந்த மந்திரங்களைத் தடை செய்துகொள்ளலாமே என்று நீங்கள் சொல்லக்கூடும். விதிப்படி அது சரிதான். ஆனால் மேசையில் அப்படி நடப்பதில்லை. உலகத்துக்கான நூலிலேயே 'இம்மண்ணில் இம்மந்திரம் இல்லை' என்று அச்சாகியிருந்தால், ஆடுபவர் அதை அந்த மண்ணின் இயல்பாக ஏற்றுக்கொண்டு அதற்கேற்பத் தம் பாத்திரத்தை அமைப்பார். நடத்துபவர் வாயால் சொல்லும்போதோ அது ஒரு தனிமனிதரின் தடையாகிவிடுகிறது. விதிநூலில் இருப்பதை ஏன் எனக்கு மறுக்கிறீர்கள் என்ற கேள்வி எழுகிறது, அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது.

இந்தத் துணிவு உங்கள் விளையாட்டின் வரலாற்றிலேயே இருந்தது. அன்று இவ்விளையாட்டை வெளியிட்டுவந்த டி.எஸ்.ஆர். நிறுவனம் 1991-இல் கொண்டுவந்த டார்க் சன், உலோகம் அரிதாகிப்போன ஆதாஸ் என்னும் வறண்ட உலகத்தைத் தந்தபோது, மைய விதிகளின்மேல் கை வைக்கத் தயங்கவில்லை. தெய்வங்கள் இல்லை, பூசாரிகள் நிலம், நீர், தீ, காற்று ஆகிய இயற்கைப் பூதங்களைச் சார்ந்தார்கள். பாலடின் என்னும் புனித வீரர் வகுப்பு (பாத்திர வகை) இல்லை. ஆயுதங்கள் எலும்பாலும் அப்சிடியன் என்னும் எரிமலைக் கண்ணாடிக் கல்லாலும் ஆனவை, நாணயம் சுட்ட மண்ணால் ஆனது. எல்லாவற்றுக்கும் மேலாக, செடிகொடிகளின் உயிரை உறிஞ்சி மந்திரம் செய்யும் டிஃபைலர், நிலத்தைப் பேணும் பிரிசர்வரைவிட விரைவாக லெவல் ஏறுவார் என்று அந்நூல் விதித்தது. அந்த உலகம் ஏன் பாழானது என்பதை விளக்க அதன்பின் எந்த வரலாற்று அத்தியாயமும் தேவைப்படவில்லை. லெவல் ஏறத் தேவையான அனுபவப் புள்ளிகளின் அட்டவணையைப் பார்த்த ஒவ்வொரு ஆட்டக்காரரும் அதே சபலத்தைத் தாமே உணர்ந்தார். ஓர் உலகத்துக்கென்று எழுதப்பட்ட விதி செய்யக்கூடிய வேலைக்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன். 2014 பதிப்பு நடப்பில் இருந்த பத்தாண்டுகளில் டார்க் சன்னுக்கு ஒரு நூல்கூட வரவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தமே.

கேயோசியம் நிறுவனத்தின் ரூன்குவெஸ்ட் என்னும் இன்னொரு பாத்திர விளையாட்டு சென்ற பாதையும் கருதத்தக்கது. கிரெக் ஸ்டாஃபோர்டின் குளோராந்தா உலகத்தோடு பிணைந்து 1978-இல் வந்த அந்த விளையாட்டை, 1984-இல் அவலான் ஹில் வெளியிட்ட மூன்றாம் பதிப்பு அவ்வுலகத்திலிருந்து பெரிதும் பிரித்துப் பொதுவாக்கிப் பார்த்தது. 2018 பதிப்பில் குளோராந்தா நூலின் தலைப்பிலேயே திரும்பி வந்தது. அதில் பாத்திரத்தை உருவாக்கும்போதே பாட்டன் பாட்டியர் எந்தப் போரில் என்ன ஆனார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம்.

பொதுவான விதிநூலே கூடாது என்பது என் வாதமன்று. 1986-இல் வந்த கர்ப்ஸ் என்னும் பாத்திர விளையாட்டு உண்மையிலேயே பொதுவானது, ஏனெனில் முடிவெடுக்க வேண்டிய இடங்களை அது மறைப்பதில்லை. ஓர் இடத்தில் மந்திர ஆற்றல் அறவே இல்லையா, குறைவா, இயல்பா, மிகுதியா என்பதை அங்கே நடத்துபவர் முதலிலேயே தீர்மானிக்கிறார். நேர்மையான இன்னொரு வழியைக் கீத் பேக்கர் உருவாக்கி, 2004-இல் நீங்களே நூலாக்கிய எபரான் உலகம் காட்டியது: விதிகள் சொல்லும் அளவுக்கு மந்திரம் எளிதில் கிடைக்குமானால் அச்சமூகம் எப்படி மாறும் என்று கேட்டு, மின்னல் தொடர்வண்டி வரை அது போனது.

தனித்தனி உலகங்கள் வாங்குவோரைத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்துவிடும், 1990-களில் டி.எஸ்.ஆர். பட்ட பாடு அதுவே என்ற அச்சம் உங்களுக்கு இருக்கலாம். அதை நான் எளிதாகத் தள்ளவில்லை. வெளிவந்தபோது ஒவ்வொன்றும் 49.99 டாலர் விலையிடப்பட்ட மூன்று மைய நூல்களுக்குமேல் ஒவ்வோர் உலகத்துக்கும் இன்னொரு முழு விதிநூலை வாங்கச் சொல்வதையும் நான் விரும்பவில்லை. நான் கேட்பது சில பக்கங்களே. மைய நூலில், இவ்விதிகள் தெய்வம், மரணம், பசி, பயணம் ஆகியவற்றைப் பற்றி என்ன முடிவு செய்திருக்கின்றன என்பதைச் சொல்லும் ஓர் அத்தியாயம் வேண்டும். ஒவ்வோர் உலக நூலின் முன்பகுதியிலும், அங்கே இல்லாத வகுப்புகள், இல்லாத இனங்கள், இல்லாத மந்திரங்கள், மாறிய விலைகள் ஆகியவற்றின் பட்டியல் வேண்டும். ஆடுபவர்கள் கையில் கொடுக்க அந்தப் பக்கங்களை மட்டும் இலவசமாகத் தரவேண்டும்.

அடுத்த உலக நூலுக்கான பணியை நீங்கள் தொடங்கும்போது, ரிவிவிஃபை மந்திரத்திலிருந்தே தொடங்குங்கள். 300 பொற்காசு மதிப்புள்ள வைரமும் ஐந்தாம் லெவல் கிளெரிக்கும் அருகில் இருந்தால், இறந்து ஒரு நிமிடத்துக்குள் எவரையும் எழுப்பிவிடலாம் என்ற விதி அந்த நாட்டில் செல்லுமா, செல்லுமானால் அங்குள்ள அரசர்கள் எப்படிக் கொல்லப்படுகிறார்கள், வைரச் சுரங்கங்கள் யார் கையில் இருக்கின்றன என்பதற்கு அந்நூலிலேயே விடை எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நூல்களை மேசையில் வைத்து நடத்தும் ஒரு வாசகன்