'ரன்' என்றால் 'ஓடு' மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பக்கத்தில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து இருந்தன. ஆங்கிலத்தில் மிக அதிகப் பொருள் கொண்ட சொல் 'செட்' என்பது ஒரு துணுக்கு. அதற்குக் கீழே, மனப்பாடம் செய்ய வேண்டிய சொற்களின் பட்டியலில் 'ரன் – ஓடு' என்று ஒரு வரி. துணுக்கில் இருப்பது ஒரு காலத்தில் சரியாக இருந்த தகவல். பட்டியலில் இருப்பதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால், அந்த ஒற்றை வரியை அப்படியே மனத்தில் ஏற்றிக்கொண்ட பிள்ளைகள் எங்கே போய் முட்டிக்கொள்கிறார்கள் என்பதை ஆங்கிலம் கற்பித்த ஆண்டுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

துணுக்கை முதலில் முடித்துவிடலாம். 1989-இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்' என்ற வினைச்சொல்லுக்குத்தான். சுமார் 60,000 சொற்களில் 580 பொருள்களை விளக்கியிருந்தார்கள். அவற்றில் 430 தனி வினைக்கு உரியவை. மற்றவை அது வேறு சொற்களோடு சேர்ந்து வரும்போது கிடைப்பவை. மூன்றாம் பதிப்புக்கான திருத்த வேலையை ஏ-யில் தொடங்காமல் எம்-மில் தொடங்கினார்கள். 2000-இல் 'மேக்' முந்தியது, 2007-இல் 'புட்', 2011-இல் 'ரன்'. இதன் வினைப் பொருள்கள் மட்டும் 645. இந்த ஒரு சொல்லைத் திருத்தி எழுத பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. எம், பி, ஆர் என்று வரிசையைப் பாருங்கள்: எழுத்து முன்னேற முன்னேற முதலிடமும் கைமாறியிருக்கிறது. 'ரன்'னின் 645 புதிய கணக்கு, 'செட்'டின் 430 பழைய கணக்கு என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

எண்ணிக்கையை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒரு முறை வகுப்பில் 'வீ ரான் அவுட் ஆஃப் வாட்டர்' என்ற வாக்கியத்தைத் தமிழில் எழுதச் சொன்னேன். ஒரு மாணவி, 'நாங்கள் தண்ணீரிலிருந்து வெளியே ஓடினோம்' என்று எழுதியிருந்தாள். அவளிடம் துளியும் சோம்பல் இல்லை. 'ரான்' ஓடினோம், 'அவுட்' வெளியே, 'வாட்டர்' தண்ணீர் என்று பட்டியலில் படித்த ஒவ்வொரு சொல்லையும் நேர்மையாகப் பெயர்த்திருந்தாள். 'எங்களிடம் தண்ணீர் தீர்ந்துவிட்டது' என்பதுதான் பொருள் என்று சொன்னபோது, இத்தனை நாள் படித்தது வீணா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று எழுதிப்போடுவதை நான் நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த வகுப்பில் பிள்ளைகளிடம் வேறு கேள்வி கேட்டேன். தமிழில் எதெல்லாம் ஓடும்? பதில்கள் வந்து கொட்டின. ஆறு ஓடும், ரத்தம் ஓடும், ரயில் ஓடும், மின்விசிறி ஓடும், கடிகாரம் ஓடும். படம் நூறு நாள் ஓடும். காலம் ஓடும், பொழுது ஓடும். கவலையில் கை ஓடாது, மூளை ஓடாது. காதலர்கள் ஓடிப்போவார்கள். இவற்றில் கால் கொண்டு ஓடுவது எத்தனை? கடைசி ஒன்றைத்தான் சொல்லலாம்; அவர்களும் பேருந்தில் ஏறித்தான் போவார்கள். தங்கள் சொந்தச் சொல்லே இத்தனை வேலை செய்கிறது என்று கண்ட பிறகு, ஆங்கிலச் சொல்லின் மேலிருந்த பயம் அவர்களுக்குப் பாதி குறைந்தது.

இதில் இன்னொரு நயமும் உண்டு. ஓடு தன்வினை, ஓட்டு பிறவினை. வண்டி ஓடுகிறது; அவர் வண்டியை ஓட்டுகிறார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ரன்'தான். இயந்திரம் ஓடினாலும் 'ரன்', அதை ஒருவர் ஓட்டினாலும் 'ரன்'. பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டு தனிச் சொற்களாக இருந்தன. 'ரின்னன்' தானாக ஓடுவதையும் நீர் ஒழுகுவதையும் குறித்தது. 'அர்னன்' குதிரையைச் செலுத்துவது போன்ற செயலைக் குறித்தது. காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒரே சொல்லாகிவிட்டன. நாம் 'ட்' ஒன்றைக் கூட்டிக் காப்பாற்றி வைத்திருக்கும் வேறுபாட்டை அவர்கள் இழந்துவிட்டார்கள். ஆனால் ஈழத்தமிழர் 'கார் ஓடத் தெரியுமா?' என்றுதான் கேட்பார்கள். அங்கே ஓடு என்பதே ஓட்டு என்பதற்கும் சேர்த்து நிற்கிறது, 'ரன்'னைப் போலவே.

நீரோட்டம் பழைய சொல்லிலேயே இருந்ததைக் கவனியுங்கள். 'தி ரிவர் ரன்ஸ்' என்பதை, மனிதன் ஓடுவதைப் பார்த்து ஆற்றுக்குக் கொடுத்த அணி என்று பலர் விளக்குகிறார்கள். அப்படிச் சொல்லத் தேவையில்லை. தொடக்கத்திலிருந்தே ஆறும் ஆளும் சேர்ந்தே ஓடியிருக்கிறார்கள்.

இரண்டு மொழிகளும் பிரியும் இடங்கள்தான் கற்பிக்க இன்னும் சுவையானவை. நிறுவனத்தை ஆங்கிலத்தில் 'ரன்' செய்வார்கள், நாம் நடத்துவோம். அவர்கள் ஓடும் இடத்தில் நாம் நடக்கிறோம். பள்ளியும் அப்படித்தான். கடையை 'ஓட்டுகிறேன்' என்றும் சொல்வதுண்டு. ஆனால் அதில் ஒரு பெருமூச்சு கலந்திருக்கும்: ஏதோ தள்ளிக்கொண்டு போகிறேன் என்று பொருள். ஆங்கில 'ரன்'னில் அந்தப் பெருமூச்சு கிடையாது. ஆகவே 'ஷீ ரன்ஸ் எ ஸ்கூல்' என்பதை 'பள்ளியை ஓட்டுகிறார்' என்று பெயர்த்தால் அந்த அம்மையாரின் நிலைமையையே மாற்றிவிடுவோம்.

தேர்தலிலும் இதே கதை. அமெரிக்காவில் வேட்பாளர் 'ரன்' செய்கிறார். பிரிட்டனில் 'ஸ்டாண்ட்' செய்கிறார். நம்மிடமும் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறார். ஒரே செயல், ஒரு நாட்டில் ஓட்டம், இன்னொரு நாட்டில் நிலை! மற்றபடி சளி பிடித்தால் மூக்கு ஒழுகும், துணியில் சாயம் போகும், ஒப்பந்தம் மூன்றாண்டுக்குச் செல்லும், பத்திரிகை செய்தியை வெளியிடும், பழைய நண்பர் வழியில் எதிர்ப்படுவார். இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் 'ரன்' போதும்; நமக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை வேண்டியிருக்கிறது. இது குறையும் அல்ல, வளமும் அல்ல. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்ற வழக்கு இரண்டு மொழியிலும் வேறு வேறு, அவ்வளவுதான்.

அந்த வழக்கைப் பட்டியல் சொல்லித்தராது, வாக்கியம்தான் சொல்லித்தரும். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே அப்படிப் பிறந்ததுதான். அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரி 1879-இல் ஆங்கிலம் படிக்கும் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார்: நீங்கள் படிக்கும் நூல்களில் சொற்கள் வரும் வாக்கியங்களைச் சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்று. லட்சக்கணக்கில் சீட்டுகள் வந்தன. அவற்றை வகைப்படுத்திப் பார்த்துத்தான் ஒரு சொல்லுக்கு இன்னின்ன பொருள் என்று வரையறுத்தார்கள். வாக்கியம் முன்னே, பொருள் பின்னே. 1928-இல் முதல் பதிப்பு நிறைவடைந்தபோது மர்ரி உயிரோடு இல்லை. அந்த முறை மட்டும் கடைசிவரை மாறவில்லை. நம் மாணவர் பக்கம் அந்த வாக்கியங்களை உதறிவிட்டு, கடைசியில் மிஞ்சிய ஒற்றைச் சொல்லை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்கிறது. எனக்குள்ள வருத்தம் இதுதான்.

இடம் போதாது என்று நீங்கள் சொல்லக்கூடும். வாரம் இருபது சொற்கள் தருகிறீர்கள். நான்கு போதும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து வாக்கியம், பக்கத்திலேயே இயல்பான தமிழில் அதன் பொருள். தமிழ் வாக்கியம் தமிழாக இருக்கட்டும். ஆங்கிலச் சொல்லுக்கு நேர் எதிரே தமிழ்ச் சொல் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். 'தீர்ந்துவிட்டது' என்ற ஒரு சொல்லுக்கு எதிரே 'ரான் அவுட் ஆஃப்' என்று மூன்று சொற்கள் இருப்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். எழுதும் வேலையை வாசகர்களிடமே விட்டாலும் சரி. சொல்லை முன்கூட்டியே அறிவித்தால் ஆசிரியர்களும் மாணவர்களும் அனுப்புவார்கள். தொடக்கமாக 'ரன்' என்ற சொல்லுக்கு நாற்பது வாக்கியங்களைத் தமிழாக்கத்துடன் இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். முதல் வாக்கியம் அந்த மாணவி மொழிபெயர்த்ததுதான். தமிழை மட்டும் திருத்தியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற ஒரு வாசகர்