மெயில் அனுப்பினால் டேக் வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் வணிகப் பக்கத்தில் ஐடி நிறுவனங்களின் கிளவுட் செலவு, அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் சர்வர்களின் செலவு, எகிறுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் எந்த சர்வர் எந்த வேலைக்கு என்று குறித்துவைக்கும் பழக்கம் இன்ஜினியர்களிடம் இல்லை, அவர்களுக்குப் பொறுப்பு வரவேண்டும் என்று கடைசியில் பழியை அவர்கள் தலையில் கட்டிவிட்டார் கட்டுரையாளர். நான் இன்ஜினியர் இல்லை. துரைப்பாக்கத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதம் பிறந்தால் கிளவுட் பில் என் மேசைக்குத்தான் வரும். அவர்களைக் குறை சொல்வதென்றால் முதல் உரிமை எனக்குத்தான். ஆனாலும் அந்த முடிவை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சர்வர் என்பது டெம்போவில் வந்து இறங்கும் பெட்டி. அதை வாங்க இன்டென்ட் என்ற தேவைச் சீட்டு எழுத வேண்டும், மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும், பர்சேஸ் ஆர்டரில் கையெழுத்து வேண்டும். எந்தப் புராஜெக்ட், எந்தக் கணக்குத் தலைப்பு என்று எழுதாத இன்டென்ட் எங்கள் மேசையைத் தாண்டாது. பெட்டி வந்ததும் அசெட் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டிப் பதிவேட்டில் ஏற்றுவோம். சலிப்பான வேலைதான். ஆனால் "இது யாருக்கு?" என்ற கேள்விக்கு வாங்குவதற்கு முன்பே பதில் இருந்தது.

கிளவுடில் அந்தப் படி முழுக்கக் காணாமல் போய்விட்டது. இன்ஜினியர் இரண்டு பட்டனை அழுத்தினால் கொள்முதல் முடிந்தது. நாங்கள் இருப்பது துரைப்பாக்கத்தில், சர்வர் ஓடுவது அமேசானின் மும்பை மையத்தில். ஸ்டிக்கர் ஒட்டப் பெட்டியும் இல்லை. அதற்குப் பதிலாக இருப்பதுதான் டேக். 'புராஜெக்ட்' என்று ஒரு பெயர், 'பேரோல்' என்று அதற்கு ஒரு மதிப்பு, அவ்வளவுதான். அமேசானில் ஒரு சர்வருக்கோ டிஸ்குக்கோ இப்படி 50 வரை போடலாம். பில்லின் நீளமான கோப்பில் ஒவ்வொரு வரியும் யாருடைய செலவு என்று எனக்குச் சொல்வது அது ஒன்றுதான்.

இதைப் போடச் சொல்லி நாங்கள் செய்யாதது இல்லை. மெயில் அனுப்பினோம், எக்செல் ஷீட் சுற்றுக்கு விட்டோம், மேலதிகாரியை விட்டு மீட்டிங்கில் சொல்ல வைத்தோம். போட்டார்கள். எப்படி? 'புராஜெக்ட்' என்பதை ஒருவர் முதல் எழுத்தை மட்டும் கேப்பிட்டலில் எழுதினார், ஒருவர் எல்லாவற்றையும் கேப்பிட்டலில் எழுதினார், இன்னொருவர் 'புராஜ்' என்று சுருக்கினார். அமேசானுக்கு இவை வேறு வேறு டேக். மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷ்யூரில் பெயருக்குச் சின்ன எழுத்து பெரிய எழுத்து வித்தியாசம் கிடையாது, மதிப்புக்கு உண்டு. கூகுளில் இதற்கு லேபிள் என்று பெயர், அதிலோ கேப்பிட்டலே கூடாது. ஆளுக்கொரு நியாயம்! என் அறிக்கையில் ஒரே புராஜெக்டின் செலவு பல பத்தியாகப் பிரிந்து நின்றது.

அடுத்து, கறாராக இருப்போம் என்று டேக் இல்லாமல் சர்வரே உருவாகாதபடி தடை போட்டார்கள். அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். மதிப்புக் கட்டத்தில் 'ஏபிசி', 'டெஸ்ட்', 'என்ஏ' என்று எதையாவது தட்டிவிட்டால் தடை திறந்துவிடும். எது விடுபட்டது என்று தடை காட்டிய பிழைச் செய்தியும் தெளிவாகச் சொல்லவில்லை. ராத்திரி அவசர வேலையில் இருப்பவன் வேறென்ன செய்வான்? "மேடம், சர்வர் கிளப்ப ரெண்டு நிமிஷம், உங்க டேக்குக்கு இருபது நிமிஷம்" என்று ஒரு தம்பி நேராகவே சொன்னான். கோபம் வந்தது. ஆனால் அவன் போட்ட கணக்கில் தப்பில்லை.

ஒரு சர்வரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அதன் பெயரே 'டோன்ட் டிலீட்'. டேக் எதுவும் கிடையாது. மாதாமாதம் பில்லில் வரும், யாரைக் கேட்டாலும் "எங்களுடையது இல்லை, ஆனால் கைவைக்காதீர்கள்" என்பார்கள். யார் உருவாக்கியது என்று தேடலாம் என்றால், அமேசானில் யார் எதைச் செய்தார் என்ற பதிவைத் தனியே சேமித்து வைத்திருக்காவிட்டால் கடைசி 90 நாட்களுக்குத்தான் பார்க்க முடியும். இது அதைவிடப் பழையது. ஒருவழியாக தைரியம் வந்து சர்வரை நிறுத்தினார்கள். செலவு நின்றதா? சர்வருக்கான வாடகை மட்டும் நின்றது. நிறுத்திவைத்தாலும் அதோடு ஒட்டிய டிஸ்குக்கு வாடகை ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதன் பெயரில் பிடித்துவைத்திருந்த பொது ஐபி முகவரிக்கும் (இணையத்தில் அந்த சர்வரைக் கண்டுபிடிக்கும் எண்) 2024 பிப்ரவரியிலிருந்து மணிக்கு அரை சென்ட், உபயோகித்தாலும் சரி, சும்மா கிடந்தாலும் சரி. மாதத்துக்கு மூன்றரை டாலர் சொச்சம். ஒன்றுக்கு அது பெரிய காசில்லை. இதுபோல எத்தனை கிடக்கிறது என்பதே தெரியாதபோதுதான் வயிற்றைக் கலக்கும். கடைசியில் அது ஒரு கஸ்டமருக்கு டெமோ காட்டப் போட்டது என்று தெரிந்தது. டெமோ காட்டியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார்.

மாத முடிவில் உட்கார்ந்து மொத்தமாக டேக் போட்டால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. செலவுக் கணக்கில் வர வேண்டிய டேக்கை அமேசானின் பில்லிங் பக்கத்தில் தனியே இயக்கவும் வேண்டும், அது அங்கே தலைகாட்ட ஒரு நாள் வரை ஆகும். இயக்க மறந்திருந்தால் 12 மாதம் வரை பின்னோக்கிச் சேர்த்துக்கொள்ள இப்போது வழி உண்டு. ஆனால் அன்றைக்கு அந்த சர்வரின் மீதே இல்லாத டேக்கை அதுவும் கொண்டுவந்து தராது. எங்கள் வேளச்சேரி சலவைக் கடைக்காரர் துணியை வாங்கும்போதே காலரில் நம்பர் கட்டிவிடுகிறார், துவைத்த பிறகு ஊரைக் கூட்டிக் கேட்பதில்லை.

எங்கள் நிறுவனத்தில் இது சரியானது ஒரு படிவத்தால். இந்தப் பத்தியை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். உள்கட்டமைப்புக் குழுவினர் அலுவலக போர்ட்டலில் ஒரு பக்கம் செய்தார்கள். சர்வரோ டேட்டாபேஸோ வேண்டுமென்றால் இன்ஜினியர் அங்கே போய் தானே எடுத்துக்கொள்ளலாம், யாரிடமும் போய் நிற்க வேண்டாம். அது கேட்பது மூன்றே கேள்வி: என்ன வேண்டும், எந்தப் புராஜெக்டுக்கு, எந்தத் தேதி வரை. புராஜெக்டைத் தட்டச்சு செய்யவே முடியாது, பட்டியலில் இருந்து பொறுக்க வேண்டும். அந்தப் பட்டியல் எங்கள் கணக்குப் பிரிவின் புராஜெக்ட் குறியீடுகளிலிருந்தே வருகிறது. கேட்பவர் எந்தக் குழு, எந்தச் செலவு மையம் என்பதெல்லாம் அவர் லாகின் செய்ததுமே ஊழியர் பதிவேட்டிலிருந்து நிரம்பிவிடும். உரிமையாளர் கட்டத்தில் தனி ஆளின் பெயர் வராது, குழுவின் பொது மெயில் முகவரிதான் வரும். ஆள் போனாலும் குழு இருக்குமே. அப்புறம் பின்னணியில், சர்வர்களைத் தானாக அமைத்துத் தரும் டெர்ராஃபார்ம் நிரல் ஓடி சர்வர், டிஸ்க், பேக்கப் எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்தில் டேக் போட்டுவிடுகிறது. அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. கூட்டம் ஏறும்போது தானாக முளைக்கும் சர்வர்களுக்கு டெர்ராஃபார்மின் பொது டேக்குகள் தாமாகப் போய்ச் சேராது, தனியே சொல்லிவைக்க வேண்டும். முதல் மாத பில்லில்தான் அது தெரிந்தது, அடைத்துவிட்டார்கள்.

தேதி நெருங்கினால் குழுவுக்கு மெயில் போகும். நீட்டிக்க ஒரு பட்டன், விட்டுவிட ஒரு பட்டன். பதிலே இல்லை என்றால் முதலில் நிறுத்திவைப்பு, பிறகு டிஸ்கை நகலெடுத்துக்கொண்டு நீக்கம். கஸ்டமர் நேரடியாகப் பயன்படுத்தும் சர்வர்களுக்கு இந்த விதி கிடையாது.

இப்போது டேக் போடு என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை. டேக் என்றால் என்னவென்றே தெரியாமல் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஒழுங்காக டேக் போட்ட சர்வர்களை எடுத்துப் போகிறார்கள். முன்பு 'ஏபிசி' என்று எழுதிய பழைய ஆட்களும் அப்படித்தான். இவர்களுக்கு நடுவில் வந்து சேர்ந்த பொறுப்பு எது என்று கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும். போன படி திரும்பி வந்தது, அவ்வளவே. பழைய இன்டென்ட் கேட்ட கேள்வியைத்தான் படிவமும் கேட்கிறது, மூன்று நாள் காத்திருப்பு மட்டும் இல்லை.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் பொதுவான நெட்வொர்க் செலவு, சப்போர்ட் கட்டணம் இவற்றை எந்த டேக்கும் பிரித்துத் தராது. விகிதம் போட்டுத்தான் பிரிக்கிறோம், அதில் மாதாமாதம் சண்டையும் உண்டு. போர்ட்டலைச் சுற்றிக்கொண்டு நேராகப் போய் சர்வர் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக ராத்திரியில் ஒரு நிரல் ஓடி, உருவாக்கியவரின் விவரத்தை 90 நாள் கெடுவுக்குள்ளேயே எடுத்து டேக்காகப் போட்டுவிடுகிறது. இன்னொன்றும் சொல்லவேண்டும்: ஒரு குழு கஸ்டமரின் கைபேசி எண்ணையே டேக்கில் எழுதிவைத்திருந்தது. டேக் பலர் கண்ணில் படுவது, அந்தரங்கத் தகவலை அதில் எழுதவே கூடாது. இஷ்டத்துக்கு எழுதும் கட்டத்தைப் படிவத்திலிருந்து எடுத்தபோது அந்தத் தொல்லையும் போயிற்று.

எங்கள் பக்கமும் வேலை உண்டு. புராஜெக்ட் முடிந்த அன்றே அதன் குறியீட்டைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும், புதிது வந்தால் அன்றே சேர்க்க வேண்டும். ஒரு நாள் தாமதமானாலும் இன்ஜினியர் பட்டியலில் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போய்விடுவார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பல நிறுவனங்களில் இந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்ள ஆளே போடுவதில்லை என்று எங்கள் அலுவலகச் சாலையிலேயே மற்ற அலுவலகங்களில் வேலை செய்யும் நண்பர்கள் சொல்கிறார்கள்.

கட்டுரையின் இரண்டாம் பகுதி வரும் ஞாயிறு என்று போட்டிருக்கிறீர்கள். அதற்காகக் கட்டுரையாளர் நிறுவனங்களில் பேசும்போது, சர்வர் கேட்கும் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்க்கட்டும். அப்படி ஒரு பக்கமே இல்லையென்றால் இன்ஜினியர்களை விட்டுவிட்டு அதைச் செய்து கொடுக்க வேண்டியவர்களிடம் கேள்வி கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வேளச்சேரி, சென்னை.