எலிக்குச் செய்த ஆய்வும் என் அக்காவுக்கு வந்த பழியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், சினைப்பைப் புற்றுநோயை வளர்ப்பதே கவலைதான், மனதை லேசாக வைத்திருக்கும் பெண்களை அது அண்டாது என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். அருமை. என் அக்கா இப்போது கீமோவில் இருக்கிறாள். அவளுடைய மாமியார் அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துவந்து, கூடத்தில் எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன், எதுக்கெடுத்தாலும் மனசுக்குள்ள போட்டுக் குமைவா" என்றார். அச்சில் வந்ததாயிற்றே, யார் மறுத்துப் பேச முடியும்?

அந்த வரியின் பூர்வீகம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 2006-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடந்த ஆய்வு. மனிதச் சினைப்பைப் புற்றுசெல்களை எலிகளுக்குள் செலுத்தி, சில எலிகளைத் தினமும் அசைய முடியாமல் அடைத்து வைத்துப் பார்த்தார்கள். மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன் புற்றுசெல்லின் மேலிருக்கும் பீட்டா-2 ரிசெப்டரில் (வெளியிலிருந்து வருவதைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) போய் ஒட்ட, புது ரத்தக்குழாய்கள் முளைத்துக் கட்டி வேகமாகப் பெருத்தது. ப்ரோப்ரனலால் என்ற ரத்த அழுத்த மருந்தைக் கொடுத்து ரிசெப்டரை அடைத்ததும் அந்த வேகம் அடங்கியது. நல்ல ஆய்வுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த எலிகளுக்குப் புற்றுநோயைக் கொடுத்தது கவலை இல்லை ஐயா, ஆய்வாளரின் ஊசி.

அப்புறம், பீட்டா-2 ஒன்றுதானா இருக்கிறது? செல்லைப் பெருகச் சொல்லும் ஈ.ஜி.எஃப்.ஆர்., ரத்தக்குழாயை வளர்க்கும் வி.ஈ.ஜி.எஃப். ரிசெப்டர், கட்டியிலிருந்து கழன்ற செல்கள் வயிற்றின் உட்சவ்வில் பிடித்துக்கொள்ள உதவும் இன்டெக்ரின், சி.டி.44 என்று ஒரு படையே இருக்கிறது. வயிற்றில் நீர் கோப்பதும் குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புத் திரையில் நோய் பரவுவதும் நடப்பதில் இவற்றுக்கும் பங்கு உண்டு. இவற்றைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. பல கட்டிகளில் ஃபோலேட் என்ற வைட்டமினைப் பிடிக்கும் ஃபோலேட் ரிசெப்டர் ஆல்ஃபா மிகுந்திருக்கும். அதையே குறிவைக்கும் மிர்வெடுக்ஸிமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2022-இல் விரைவு அனுமதியும் 2024-இல் முழு அனுமதியும் கிடைத்தன. பிளாட்டினம் கலந்த கீமோ மருந்துகளுக்கு அடங்காத நோய்க்கு, கட்டியின் திசுவைச் சோதித்து அந்த ரிசெப்டர் நிறைய இருந்தால்தான் கொடுப்பார்கள். டாக்டரிடம் கேட்பதற்கு ஒரு கேள்வியாவது எங்களுக்குக் கிடைத்திருக்கும். தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் பெண்ணின் படத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்க முடிந்தது, இதற்கு இடமில்லை.

இது முதல் தடவையும் இல்லை. பாப் பரிசோதனை செய்தால் சினைப்பைப் புற்றுநோயும் தெரிந்துவிடும் என்று முன்பு எழுதினீர்கள். அது கர்ப்பப்பை வாய்க்கான சோதனை என்று அப்போதே கடிதம் போட்டேன், பதில் இல்லை. பிரிட்டனில் 2 லட்சம் பெண்களை வைத்து ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து பார்த்தே சாவு குறையவில்லை என்று 2021-இல் சொல்லிவிட்டார்கள். நோயை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துச் சாவைக் குறைக்கும் சோதனை இல்லாத இடத்தில் அறிகுறியைத்தானே எழுத வேண்டும்? அதற்குப் பதில் எதிர்ப்பக்கத்தில் சர்க்கரையை விரட்டும் லேகிய விளம்பரம்.

அக்காவுக்குப் பாவாடை நாடா எட்டாமல் போனபோது "நல்லா பூசினாப்ல இருக்கே" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை, அடிக்கடி சிறுநீர், அடிவயிற்றில் ஒரு கனம். பக்கத்துத் தெரு டாக்டர் வாயு மாத்திரையை மாற்றி மாற்றி எழுதினாரே தவிர, வயிற்றில் கை வைத்துப் பார்க்கவில்லை. கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது லிட்டர் கணக்கில் நீர். அத்தனை மாதமும் அவள் கவலையே இல்லாமல்தான் இருந்தாள், வாயு என்று நம்பிக்கொண்டு!

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அந்த வரி தவறு என்று போடுங்கள். கூடவே ஒரு சின்னப் பெட்டியில் இந்த அறிகுறிகளையும், சில வாரங்கள் விடாமல் இருந்தால் மகளிர் மருத்துவரைப் பார்க்கச் சொல்லியும் எழுதுங்கள். இந்தத் தடவை கூடத்தில் நான் வாசிக்கிறேன்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருத்தி,
கும்பகோணம்